ஏழாம் மாதம், சுகர் 158: இன்சுலின் வரை போகுமா?

கயல்:
தோழிகளே, எனக்கு இது முதல் குழந்தை, 26 வாரம் முடிந்திருக்கிறது. நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் 158. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். மூன்றாம் மாதம் பார்த்தபோது 112தான் இருந்தது. வளைகாப்பில் லட்டு சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் அத்தை. இரண்டு வாரம் சாப்பாட்டில் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் ஊசி என்று சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து சோறே தொடவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை.

சுமதி:
கயல், முதலில் போய்ச் சாப்பிடுங்கள். லட்டு காரணம் இல்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் மாதம் ஏற ஏற இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அதனால்தான் முதலில் நன்றாக இருந்தவர்களுக்கும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது பிரசவத்தில் வந்தது. நானும் பயந்து சோற்றை விட்டேன். நான்காம் நாள் மாடியில் துணி காயப்போடும்போது தலை சுற்றி, கொடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். காலையில் நான்கு இட்லியை இரண்டாக்கி, சாம்பாரை அதிகமாக்கினேன். பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் சோற்றைவிடக் கீரையும் முட்டையும் அதிகம். ராகிக் கூழ் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்; எனக்குக் கூழ் குடித்த அன்று ஏறியது, அடையாகத் தட்டிச் சாப்பிட்டபோது ஏறவில்லை. ஒவ்வொருவருக்கும் வேறுபடும், பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடந்தேன்.

இத்தனைக்குப் பிறகும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 134 வந்தது. 120-க்குள் இருக்க வேண்டும். ஊசி ஆரம்பித்தார்கள். முதல் நாள் கை நடுங்கியது, அப்புறம் கொசுக்கடி மாதிரி ஆகிவிட்டது. நாம் போடும் இன்சுலின் குழந்தையிடம் போகாது. போவது நம் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைதான். அது அதிகமானால் குழந்தை பருத்துவிடும், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். என் மகன் 3 கிலோ 100 கிராம். பிறந்த உடனே பால் கொடுக்க வைத்தார்கள், குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். நன்றாக இருந்தான்.

ராணி (செவிலியர்):
சுமதி சொன்னபடி செய்யுங்கள். ஒருவேளை ஊசி ஆரம்பித்தால் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கலாம், உடனே கரைத்துக் குடியுங்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்தில் இதே டெஸ்ட் உங்களுக்கு மறுபடி உண்டு. குழந்தையைத் தடுப்பூசிக்குத் தவறாமல் தூக்கி வருகிற அம்மாக்கள் தங்கள் டெஸ்டை மறந்துவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை.

கயல்:
சுமதி அக்கா, படித்துவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டேன். அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன், ராகி மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பசித்தால் என்ன சாப்பிடுவது?

சுமதி:
அரை டம்ளர் பால், சர்க்கரை போடாமல். கூட ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை. எனக்கு அதிலேயே விடியும்வரை பசி தாங்கியது.