பென் சிம்மன்ஸுக்குச் சிறந்த புதுமுக வீரர் விருது தகுமா?

கேள்வி: வட அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2016ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் வீரராகத் தேர்வான பென் சிம்மன்ஸ், காயத்தால் ஒரு பருவம் முழுவதும் ஆடாவிட்டாலும் என்.பி.ஏ. பயிற்சியாளர்களிடம் ஓராண்டு கற்ற பிறகு, 2018இல் இவ்விருதைப் பெற்றது அதே பருவத்தில் அறிமுகமான டோனவன் மிட்செலுக்கு அநீதியல்லவா?

பதில் 1: இல்லை. களத்தில் இறங்கிய பருவமே முதல் பருவமாகக் கொள்ளப்படுகிறது. 2009இல் தேர்வாகி, முழங்கால் காயத்தால் அப்பருவத்தை இழந்த பிளேக் கிரிஃபின் 2011இல் ஒருமனதாக இவ்விருதை வென்றார். 1987இல் தேர்வாகி, கடற்படைப் பணியை முடித்துத் தாமதமாக வந்த டேவிட் ராபின்சனும் 1990இல் அவ்வாறே வென்றார்.

கேள்வி கேட்டவர்: கடற்படையில் இருந்தவருக்கு அணியின் அன்றாடப் பயிற்சி வாய்க்கவில்லையே! அந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

பதில் 2: அந்த வேறுபாடு உண்மையே. ஆயினும் வாக்களிக்கும் ஊடகவியலாளர்கள் முதலிடத்திற்கு 5, இரண்டாமிடத்திற்கு 3, மூன்றாமிடத்திற்கு 1 எனப் புள்ளிகள் வழங்குவதால், உங்களைப் போல் எண்ணியவர்கள் மிட்செலை முதலிடத்தில் வைக்கத் தடையேதும் இருக்கவில்லை.