குடும்பக் குழு: திருவனந்தபுரம் – துபாய் எத்தனை மணிக்கூர்?

ஜெயா மைனி: ரெஜினுக்கு டிக்கெட் வந்தாச்சு. திருவனந்தபுரத்துல காலைல 10.20, துபாய்ல மதியம் 1.00. அப்போ 2 மணி 40 நிமிஷமா? மெட்ராஸுக்கே ஒன்றரை மணிக்கூர் ஆவுது, துபாய் இவ்ளோ பக்கமா?

செல்வன் அண்ணன்: இல்ல மைனி. ரெண்டும் அந்தந்த ஊர் மணி. துபாய் நம்மளவிட 1.30 மணி பின்னால. அங்க 1.00ன்னா இங்க 2.30. ஆக மொத்தம் 4 மணி 10 நிமிஷம்.

ரெஜின்: சித்தப்பா, மேப்ல நேர்கோட்டுல சுமார் 2,950 கிலோமீட்டர் காட்டுது. ப்ளைட் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்துல போவும்லா? மூன்றரை மணிக்கூர்ல எத்தணுமே.

செல்வன் அண்ணன்: மக்கா, 850 மேல ஏறினப்பறம் உள்ள வேகம். டிக்கெட்ல உள்ளது இங்க நகர ஆரம்பிச்சதுலேருந்து அங்க போய் நிக்கது வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போணும், துபாய்ல எறங்க வரிசை இருந்தா சுத்த விடுவான். காத்தும் உண்டு. டிசம்பர், ஜனவரியில மேற்கேருந்து எதிர்காத்து. 80 கிலோமீட்டர் எதிர்த்தா 850 வேகம் 770 ஆயிரும், வானத்துல மட்டுமே 3 மணி 50 நிமிஷம் ஆச்சு. வரும்போது அதே காத்து தள்ளி விடும். 😀

ஜெயா மைனி: திரும்புகதுக்கு அங்க 2.00, இங்க 7.30ன்னு போட்டிருக்கே. தள்ளி விட்டும் அஞ்சரையா?

செல்வன் அண்ணன்: இப்போ 1.30 கழிக்கணும் மைனி. 4 மணிக்கூர்தான்.

மேரி அக்கா: பகல் ப்ளைட்டுல இந்தக் குழப்பம் மட்டும்தான். ராத்திரி ப்ளைட்டுலதான் ஆளு ஏமாறும். 15ஆம் தேதி 00.35ன்னு இருந்தா 14ஆம் தேதி ராத்திரி 7 மணிக்கே நாகர்கோவில்லேருந்து கெளம்பணும், வழிக்கே 2 மணிக்கூர் ஆவும். 15 ராத்திரி போய் நின்னா ப்ளைட் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

ரெஜின்: ஏர்போர்ட்டுக்கு 70 கிலோமீட்டர்தானே அக்கா, 2 மணிக்கூர் வேணுமா?

மேரி அக்கா: மார்த்தாண்டமும் களியக்காவிளையும் தாண்டணும்லா. காரோடுங்கிற ஊர்ல பைபாஸ்ல ஏறச் சொல்லு, நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் மிச்சம். கோவளம், ஈஞ்சக்கல் வழியா சாக்கை. டெர்மினல் 2 அந்தப் பக்கம். சங்குமுகத்துல உள்ளது டெர்மினல் 1, அங்க எறங்கினா ரன்வேயைச் சுத்தி வரணும்.

செல்வன் அண்ணன்: தேதியையும் பாத்துக்கோ. பங்குனி, ஐப்பசி ஆறாட்டுக்கு (சாமியைக் கடல்ல நீராட்டுக சடங்கு) பத்மநாபசுவாமி ஊர்வலம் ரன்வே வழியாத்தான் சங்குமுகம் போவும். அன்னைக்கு சாயங்காலம் சில மணிக்கூர் ப்ளைட் கிடையாது, நேரத்தை மாத்துவான்.

ரெஜின்: டிக்கெட்ல டி2ன்னு இருக்கு. கவுண்டர் எப்போ அடைப்பான்?

மேரி அக்கா: பொதுவா 1 மணிக்கூர் முன்னாடி, 9.20. ஆனா இமிக்ரேஷன் வரிசை இருக்கு, 7.20க்கு உள்ள நிக்கணும்.

ரெஜின்: அப்போ வண்டிக்காரன்ட்ட 5 மணின்னு சொல்லட்டா?

மேரி அக்கா: 4.30ன்னு சொல்லு. அப்பதான் 5க்கு வருவான்.