கல்லூரி நாள் நட்பு: மனத்தை விட்டு நீங்காத ஒரு சந்திப்பு

(நெல்லைப் பக்கத்துக்காரர்கள் தம் ஊர்ப் பெயரில் எழுதியவை)

சேரன்மகாதேவி எழுதுவது:

2024-ஆம் ஆண்டு நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்து தேர் நின்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விவரிக்கப் போவதில்லை. தேர் நின்ற நேரத்தில், வடம் பிடித்திருந்த கூட்டம் தளர்ந்து தெருவின் இருபுறமும் ஒதுங்கியபோது, பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. "ஏலே சேர்மாதேவி, இன்னும் தேர் இழுக்க வாறியா நீ?" என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாற்று வடம் கட்டுவதற்காகக் கூட்டத்தை விலக்கத் தொடங்கிவிட்டார்கள். நெரிசல் ஓய்ந்தபோது என் பின்னால் எனக்கு அறிமுகமே இல்லாத பையன்கள் நின்றார்கள்.

என்னைச் 'சேர்மாதேவி' என்று கூப்பிடுகிறவர்கள் மூன்று பேர்தான் உண்டு. மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டை பாசஞ்சரில் சீசன் டிக்கெட் எடுத்துப் பேட்டையில் இறங்கிக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். அங்கே யாருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது, ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். கீழக்கடையத்தில் ஏறுகிறவன் கடையம், அவன் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டு வருவான். அடுத்து அம்பை என்கிற அம்பாசமுத்திரம், பிறகு கல்லிடை என்கிற கல்லிடைக்குறிச்சி, கடைசியாக நான். கல்லிடைக்காரன் வீட்டில் பொரித்துக் கொடுத்துவிடும் அப்பளம் என் கைக்கு வரும்போது பெரும்பாலும் தூளாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கென்று ஒரு பங்கு எப்போதும் இருக்கும். மாலையில் முதலில் இறங்குகிறவனும் நான்தான். வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் என் புத்தகங்களை ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். நான் பிளாட்பாரத்தில் கூடவே ஓடிக்கொண்டு பேச்சின் கடைசி வாக்கியத்தைக் கேட்டு முடிப்பேன்.

2012-இல் அந்தத் தடம் அகலப் பாதையாகிவிட்டது. மூவருடைய முகவரியும் என்னிடம் இல்லை. தோளைத் தொட்ட அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அலைபேசி வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட நட்பு வாய்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பாளையங்கோட்டை எழுதுவது:

குரல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையும் ஆற்று வெள்ளமும் நினைவிருக்கும். மின்சாரம் இல்லாமல், சிக்னல் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாட்களில், அறியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடன், நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லாமல், "ஏட்டி, ரெக்கார்டு நோட்டை மேல தூக்கி வச்சிட்டியா?" என்று கேட்டாள். தன் பெயரை அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

1992 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, தாவரவியல் ரெக்கார்டு நோட்டு கூழாகிப் போயிற்று. அடுத்த சில மாதங்களில் செய்முறைத் தேர்வு. காயல்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த இவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் நோட்டைப் பார்த்து எனக்காக முழுவதையும் மறுபடி வரைந்து முடித்துவிட்டாள். சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டுப் படத்தை நான் இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். வட்டமாக நிற்கும் வாஸ்குலார் கற்றைகள் ஒவ்வொன்றையும் கூர்மையான பென்சிலால் தனித்தனியாக வரைந்து, நடுவிலுள்ள பித் (தண்டின் உட்சோறு) செல்களைக்கூட அவசரப்படாமல் ஒவ்வொன்றாக மூடி முடித்திருக்கிறாள். அப்போது நோன்பு மாதம் என்றும், சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய நோன்புச் சாப்பாட்டுக்கு எழுந்தபின் படுக்காமல் உட்கார்ந்து வரைந்தாள் என்றும் அவளுடைய அறைத்தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். "ஒன் நோட்டு, நீதான எழுதணும்" என்றாள்.

என்னை இன்றும் வாட்டுவது வேறொன்று. அந்த மழையில் காயல்பட்டினத்தில்தான் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. அவள் அந்த ஊரில் இருந்துகொண்டு, தன் வீட்டு நிலையை ஒரு வரிகூடச் சொல்லாமல், என் நோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். பேச்சு முடியும் தறுவாயில் நான் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர் என்றும் எல்லோரும் மாடியில் இருப்பதாகவும் சொன்னாள்.

களக்காடு எழுதுவது:

சேரன்மகாதேவி அண்ணாச்சி எழுதியதை மிகவும் விரும்பிப் படித்தேன், ஆனால் அவருடைய கடைசி வரியை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. பாளையங்கோட்டை அம்மையார் சொல்லும் அதே வெள்ளத்தில், என் மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்களும் வாட்ஸ்அப் குழுவில் பேசி வைத்துக்கொண்டு, ஒருவன் வீட்டில் சோறு பொங்க, இன்னொருவன் டிராக்டர் ஏற்பாடு செய்ய, இரவு முழுவதும் கிராமம் கிராமமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதில் இருவர் முன்பின் எங்கள் பக்கம் வந்ததே கிடையாது, நண்பனுடைய ஊர் என்ற ஒரே காரணத்துக்காக வந்தார்கள். அவர்கள் அலைபேசியோடு வளர்ந்தவர்கள்தாம். நாம் ஜன்னலில் புத்தகம் நீட்டியதை அவர்கள் வேறொரு விதத்தில் செய்கிறார்கள், நமக்கு அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

என் அனுபவம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பற்றியது. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஊத்து எஸ்டேட்டுக்காரன். ஒரு டிசம்பர் விடுமுறையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக ஏறும் பஸ்ஸில் அவனோடு போனேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் அவன் அம்மா தங்களிடமிருந்த தடித்த கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, அடுப்பு அணையாமல் விடியும்வரை பார்த்துக்கொண்டார்கள். காலையில் என் காலில் அட்டை கடித்த இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உப்பு வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் அவன் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான்.

சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிவதையொட்டி, 2024-இல் தொழிலாளர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு இறங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த நாட்களில் கல்லிடை பஸ் ஸ்டாண்டில் அவனைக் கண்டேன். சாமான்கள் வேனில் போய்விட்டன, கையில் ஒன்றை மட்டும் வைத்திருந்தான். அது அவன் அம்மா கொழுந்து எடுத்த கூடை. அம்மா இறந்து பல காலம் ஆகிவிட்டது. தலையில் மாட்டும் பட்டை, நெற்றி படும் இடத்தில் மட்டும் நைந்து வழவழப்பாகிக் கறுத்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தபோது அவன் என்னைத் தேற்றுகிறவனைப் போலப் பேசினான். "நீ அன்னைக்கு குளிருல அழுதியே, அம்மா அத சாவுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தா" என்றான். பிறந்த மண்ணை விட்டு இறங்கும் நாளில் ஒருவனுக்கு இதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அம்பாசமுத்திரம் எழுதுவது:

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டிருந்தபோது, என் விடுதித் தோழனை ஆற்றங்கரையில் கண்டேன். இருவருக்கும் தலை நரைத்திருந்தும் அவன் நடந்து வந்த விதத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. என் கதை அவ்வளவே. ஆனால் சேரன்மகாதேவிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முகவரி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது ஒரு தடையே இல்லை. நம் பக்கத்தில் ஒருவரைத் தேடுவதற்கு இணையத்தைவிட நல்ல வழி பங்குனி உத்திரம். உங்கள் நண்பர்களின் குடும்பத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா எது என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். சென்னையிலிருந்தாலும் மும்பையிலிருந்தாலும், சொந்த ஊரில் வீடு வாசல் எல்லாவற்றையும் விற்றுவிட்டவராக இருந்தாலும், பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கலிட்டுப் போகிற வழக்கத்தை நம் மக்கள் எளிதில் விடுவதில்லை. அக்கோயில்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருப்பதில்லை, குளக்கரையிலும் வயற்காட்டிலும்தான் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வேளைக்குமேல் குடும்பங்கள் கிளம்பத் தொடங்கிவிடும். அவர் வராவிட்டாலும் பங்காளிகளில் ஒருவராவது வருவார், அவரிடம் தந்தையின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். நம் ஊர்களில் ஒருவரைத் தாத்தா பெயரைச் சொல்லித்தான் சட்டென்று அடையாளம் காண்பார்கள். கையில் பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

சாஸ்தா தெரியாவிட்டால், அம்மன் கோயில் திருவிழாவான கொடை இருக்கிறது. கொடைக்கு வரி எழுதும் நோட்டில் வெளியூரில் இருக்கும் தலைக்கட்டுகளின் (வரி கொடுக்கும் குடும்பங்களின்) பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், கோயில் கணக்குப் பார்க்கிறவரிடம் மரியாதையாகக் கேட்டால் விசாரித்துச் சொல்வார். பழைய கல்லூரிப் பதிவேட்டைப் பார்க்க வாய்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருக்கும் ஊர்களில் பல 1986-க்குப் பின் தூத்துக்குடிக்கும், 2019-க்குப் பின் தென்காசிக்கும் போய்விட்டன. உங்கள் கடையத்துக்காரர் இன்று தென்காசி மாவட்டம். தேரில் தொட்ட கை கல்லிடைக்காரருடையதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்தான் உங்களுக்குப் பங்கு எடுத்து வைத்தவர்.

சேரன்மகாதேவி எழுதுவது:

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் தேடித் தரும்படி கேட்கவில்லை. அப்பளம் கொண்டுவந்தவன் கல்லிடைக்காரனாக இருந்தாலும், எனக்கென்று எடுத்து ஒளித்து வைத்தவன் அம்பைக்காரன், ஆகவே உங்கள் ஊகத்தை ஒப்புக்கொள்ள முடியாது. களக்காட்டு நண்பர் தம் மகனைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, நான் கடைசியாகச் சொன்ன கருத்தை அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மனம் வரவில்லை. கடையத்தானின் சாஸ்தா கோயில் எனக்குத் தெரியும், ஒருமுறை அவனோடு போயிருக்கிறேன்.

நெல்லை டவுன் எழுதுவது:

தேடுவதைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு ஓர் ஓலைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் முதலில் திருமணமானவன் டவுனில் ஒரு சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளை. வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீடு. திருமணத்துக்கு மறுநாள் சொதிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் கொதிக்கும் மணமும் இஞ்சித் துவையலின் காரமும் தெரு முனை வரை வந்தன. அப்போதுதான் உவரியிலிருந்து எங்கள் நண்பன் வந்து இறங்கினான். கடலுக்குப் போகும் குடும்பம் அவனுடையது, முதல்நாள் வர முடியவில்லை. கையில் புது ஓலைப்பெட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பந்தலுக்குள் அவன் கால் வைத்ததுமே நெய்மீன் கருவாட்டின் மணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பந்தியில் இருந்தவர்கள் தலையை உயர்த்தினார்கள். வாசலில் நின்ற மணமகனின் அப்பா, நெற்றி நிறையத் திருநீறோடு இருந்தவர், இரண்டு அடி முன்னே வந்து, தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அந்தப் பெட்டியை வாங்கினார். "கடல்லருந்து சீர் வந்துருக்கு, எடம் விடுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அதன்பின் யாரும் ஒன்றும் பேசவில்லை. பெட்டி மற்றச் சீர்வரிசைகளோடு திண்ணையில் இருந்தது. நண்பன் எங்களோடு உட்கார்ந்து மூன்று முறை சொதி வாங்கிச் சாப்பிட்டான்.

அந்தக் கருவாடு பிறகு என்னவாயிற்று என்ற கேள்வி எனக்குள் பல காலம் இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார், மகனிடம் கேட்கத் தயக்கம். அண்மையில் உவரிக்குப் போயிருந்தபோது, கப்பல் மாதா கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், உவரிக்காரனே சொன்னான். திருமணம் முடிந்த சில நாட்களில் பெரியவர் தனியாகப் பஸ் ஏறி, அதே ஓலைப்பெட்டியில் அதிரசமும் முறுக்கும் நிரப்பிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்திருக்கிறார். சீர் வாங்கினால் எதிர்ச் சீர் வைக்க வேண்டும் என்று சொல்லி அவனுடைய அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். கருவாட்டைத் தெருவில் உழைக்கிற நான்கு வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்ததாகவும், அவர்கள் மிகவும் மெச்சியதாகவும் அவரே எடுத்துச் சொன்னாராம்.

அந்த அம்மாவுக்கு அவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கொடுத்தால் அவருக்குச் சங்கடமாகுமோ என்று யோசித்து, பக்கத்துத் தோப்புக்கு ஆள் அனுப்பிப் பதநீர் இறக்கி, பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு, "வீட்டுச் செம்புல கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்தாராம்.