மார்க் நாப்ளரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

திருநகர் தகப்பன்:

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் கற்று வருகிறாள். இடக்கைப் பழக்கம் உள்ளவள். ஆனால் கடையில் கிடைத்தது வலக்கைக் கிட்டார் என்பதால் அதிலேயே பழகிக்கொண்டாள். நான் கல்லூரியில் படித்த நாளில் டவுன் ஹால் ரோட்டிலிருந்த ஒரு கேசட் கடையில் காலி கேசட்டைக் கொடுத்து, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இசைத்தொகுப்பைப் பதிவு செய்து வாங்கி, நாடா நைந்து போகும் வரை கேட்டவன். அந்தக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் நாப்ளரைப் பற்றி மகளிடம் பேச்செடுத்தால், "அவர் எண்பதுகளோடு முடிந்துபோனவர்தானே, அப்பா?" என்று கேட்கிறாள். 1995இல் குழு கலைந்த பிறகு அவர் செய்தவற்றை நானும் முறையாகக் கேட்டதில்லை என்பதால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு எதை முதலில் கேட்கக் கொடுக்கலாம்?

மாசி வீதி வீணை:

அண்ணனுக்கு வணக்கம். நான் வீணை கற்றுக்கொடுப்பவள். ராக் இசை எனக்குப் பின்னால் வந்தது. உங்கள் மகள் அவரைக் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பேன். 1983 ஜூலையில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பதிவான 'ஆல்கெமி' நிகழ்ச்சியில் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டை எடுத்து, அவருடைய வலக்கையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ராக் கலைஞர்கள் தந்தியை மீட்டப் பிடிக்கும் பிக் என்ற சிறு தகடு அந்தக் கையில் இருக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் தந்தியை மீட்ட, மற்ற இரண்டும் கிட்டாரின் உடலில் ஊன்றி நிற்கும். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தொடும் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, அந்தக் கையைப் பார்த்ததுமே சொந்தக்காரரைப் பார்த்தது போலிருந்தது. தசை நேராகத் தந்தியில் படுவதால் ஒரே சுரத்தை மெதுவாகத் தடவவும் முடிகிறது, சுண்டித் தெறிக்கவிடவும் முடிகிறது.

அந்தப் பாட்டை அவர் முதலில் வேறொரு கிட்டாரில்தான் அமைத்தார் என்பதையும், அது உயிரில்லாமல் கிடந்தது என்று அவரே கருதினார் என்பதையும், 1977இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகை மின் கிட்டார் ஒன்றை வாங்கி அதில் வாசித்தபோதுதான் அது எழுந்து நின்றது என்பதையும் உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை நிறுத்தியதும் வயலின்காரர் அதை வாங்கிப் பதில் சொல்வாரே, அதே வேலையை அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவருடைய கிட்டார் செய்கிறது. பாடுகிறவரும் அவரே, பதில் சொல்கிறவரும் அவரே. அவர் அதிகம் வாசிப்பதில்லை, வரி முடிந்த இடைவெளியில் மட்டும் வாசிக்கிறார். இளம் வயதில் கற்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: நாப்ளரும் இடக்கைக்காரர்தான், வலக்கைக் கிட்டார்தான் வாசிக்கிறார். தந்தியை அழுத்தி வளைக்கும் வேலை வலுவான கைக்குப் போய்விடுகிறது. கிட்டாரை மாற்ற வேண்டுமோ என்ற கவலை உங்கள் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மில் தெருக்காரன்:

ஐயா, வீணை அக்கா சொன்னதற்கு மேல் கைநுட்பம் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2005 மார்ச்சில் அவர் பெங்களூருவுக்கு வந்தபோது, நண்பர்கள் மூன்று பேர் மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து ஏறிப் போனோம். அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் லண்டனில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்குத் தோள்பட்டை எலும்பும் ஏழு விலா எலும்புகளும் முறிந்து, பல மாதங்கள் கிட்டாரைத் தொட முடியாமல் இருந்தார். மேடையில் அதன் சுவடே இல்லை. ஓட்டமும் கூச்சலும் இல்லாமல் நின்ற இடத்தில் நின்று வாசித்தார்.

அன்று 'டெலிகிராஃப் ரோடு' வாசித்தார். 1982ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் 14 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. ஒரு மனிதன் மூட்டையோடு நடந்து வந்து காட்டில் குடிசை போடுகிறான். பின்னால் ஆட்கள் வருகிறார்கள், தேவாலயம் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, சாலை ஆறு வழியாகிறது, கடைசியில் வேலை இல்லாமல் போகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்துச் சாலையைப் பார்த்து எழுதிய பாட்டுதான். ஆனால் நான் மில் சங்கு ஊதிப் பொழுது விடியும் தெருவில் பிறந்து, அந்தச் சங்கு ஒரு நாள் நின்றுபோனதையும், அப்பா அதற்குப் பிறகும் பல காலம் அதே நேரத்துக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவன். பாட்டின் முடிவில் சொற்கள் தீர்ந்து கிட்டார் மட்டும் ஓடும் பகுதி வந்தபோது என்னால் மேடையைப் பார்க்க முடியவில்லை. இசைக்கு வருவதற்கு முன் லீட்ஸ் நகரத்தில் செய்தித்தாள் நிருபராக இருந்தவர் அவர். மனிதர்களை அப்படிக் கவனிக்கும் கண் அங்கிருந்து வந்தது என்றே நம்புகிறேன்.

வைகைத் தென்கரை:

எண்பதுகளோடு முடிந்தவரா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. 1985இல் வந்து மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இசைத்தொகுப்பைக் கொடுத்தவர், குழு தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்று அதைக் கலைத்தார். அதன் பிறகு வந்தவற்றில் 2000ஆம் ஆண்டின் 'செய்லிங் டு ஃபிலடெல்ஃபியா'வை முதலில் கொடுங்கள். அமெரிக்காவில் எல்லைக்கோடு அளக்கப் போன மேசன், டிக்சன் என்ற இரு நில அளவையாளர்கள் பேசிக்கொள்வதுதான் அதன் தலைப்புப் பாட்டு. நாப்ளர் டிக்சனாகவும் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர் மேசனாகவும் பாடுகிறார்கள். ராக் பாட்டுக்கு இப்படியொரு பொருளை எடுப்பதற்கே துணிவு வேண்டும். பாடகி எமிலூ ஹாரிஸுடன் சேர்ந்து 2006இல் செய்த இசைத்தொகுப்பும் நல்லது. 2024 ஜனவரியில் தன்னுடைய 120க்கும் மேற்பட்ட கிட்டார்களை லண்டனில் ஏலம் விட்டு, கிடைத்த 88 லட்சம் பவுண்டில் கால் பங்கை அறப்பணிகளுக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் 'ஒன் டீப் ரிவர்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 74.

திருநகர் தகப்பன்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு ஆல்கெமி நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து பார்த்தோம். பாதியிலேயே அவள் பிக்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கட்டைவிரலால் மீட்டிப் பார்க்கத் தொடங்கினாள். ஒலி மங்கலாகத்தான் வந்தது, விரல் நுனி சிவந்துபோயிற்று, ஆனாலும் பதினொரு மணி வரை விடவில்லை. மில் தெருத் தம்பி எழுதியதையும் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை 'டெலிகிராஃப் ரோடு' கேட்பதாக இருக்கிறோம்.