கழுத்து விலா எலும்பு எடுத்து அஞ்சு வாரம் ஆச்சு, கை எரிச்சல் முன்னைவிட கூடுது, ஆபரேஷன் பலிக்கலையா?

கருங்கல்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல் பக்கம், வயசு 34, வீட்டுல வச்சே பிளவுஸ் சுடிதார் தைக்கேன். எனக்கு வந்தது தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், கழுத்துல இருந்து கைக்குப் போற நரம்பு காரை எலும்புக்குப் பின்னால நசுங்குற நோய். பிறக்கும்போதே வலது பக்கம் கழுத்துல ஒரு விலா எலும்பு கூடுதலா இருந்திருக்கு. நூறு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம், இருக்கிறவங்கள்லயும் நெறைய பேருக்கு அது ஒரு தொந்தரவும் பண்ணாதுன்னு டாக்டர் சொன்னாங்க, எனக்கு பண்ணிட்டு.

ரெண்டு வருஷமா சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகும், ஊசில நூல் கோர்க்கும்போ ஊசி கையில இருக்கா விழுந்துட்டான்னே தெரியாது. துணி காயப்போட கையத் தூக்கினா கை செத்துப்போன மாதிரி ஆயிரும். கழுத்து தேய்மானம்னு ஒரு இடத்துல பெல்ட் போட்டு விட்டாங்க, இன்னொரு இடத்துல எல்லாம் மனசுல தான்னு சொல்லி தூக்க மாத்திரை தந்தாங்க, அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே வந்தேன். பின்ன திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் ரெண்டு கையையும் தூக்கி வச்சு மூணு நிமிஷம் விரல மூடி மூடி திறக்கச் சொன்னாங்க, ஒரு நிமிஷம் ஆகல, வலது கை தானா கீழ விழுந்துட்டு. அப்புறம்தான் எக்ஸ்ரே, நரம்பு டெஸ்ட் எல்லாம்.

காரை எலும்புக்கு மேல கீறி அந்த கூடுதல் எலும்பு, முதல் விலா எலும்பு, ஒரு தசை எல்லாத்தையும் எடுத்தாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. முதல் ரெண்டு வாரம் நல்லா இருந்துது, இப்பம் ராத்திரி ரெண்டு மணிக்கு கை உள்பக்கம் முழுக்க மிளகா தேச்ச மாதிரி எரியுது, விரல்ல கரண்ட் அடிக்கிற மாதிரி வெட்டுது. தையல் போட்டதுக்குக் கீழ நெஞ்சுல ஒரு கை அகலத்துக்கு தொட்டாலே தெரியல. ஆபரேஷன் பலிக்கலையோன்னு பயமா இருக்கு. மாமி வேற வர்ம வைத்தியம் பாக்குற ஆசான்கிட்ட போய் எண்ணெய் போட்டு தடவினா சரியாயிரும்ங்காவ, அவங்க பாசத்துல தான் சொல்லுறாவ, எனக்கு போகவும் பயம் மறுக்கவும் சங்கடம். கிறிஸ்மஸ் துணி தைக்கக் கேட்டு இப்பமே ஆள் வருது. யாராவது இந்த ஆபரேஷன் பண்ணினவங்க இருந்தா சொல்லுங்க.

மலையோரம்_பால்வெட்டு:

தங்கச்சி, நான் குலசேகரம் தாண்டி மலையோரம், ரப்பர் பால் வெட்டு தான் தொழில். எனக்கும் இதே நோய், இடது கை, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம். பழைய மரத்துல உயரத்துல வெட்டும்போ கையத் தூக்கியே நிக்கணும், அதுல தான் எனக்க கை போச்சு, கத்தி கையில நிக்காது.

நீ சொல்லுற எரிச்சல் எனக்கு நாலாவது வாரத்துல தொடங்கிச்சு. எனக்க டாக்டர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: செத்துக்கிடந்த நரம்பு பேசத் தொடங்குது, முதல்ல அது பேசுறது எரிச்சலாத்தான் இருக்கும்னாரு. ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் ஆபரேஷனுக்கு முந்தின மாதிரியே இருக்கும். நான் ஒரு காலண்டர்ல தினமும் வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு வந்தேன். நாளுக்கு நாள் பார்த்தா ஒண்ணும் புரியாது, மூணு மாசம் கழிச்சு திருப்பிப் பார்த்தப்பதான் எட்டு ஒம்பதுன்னு கிடந்தது நாலு அஞ்சா இறங்கினது தெரிஞ்சுது. நீயும் அப்படி எழுதி வை, அடுத்த தடவ டாக்டருக்கும் காட்டலாம்.

ஆசான் காரியத்துக்கு வாறேன். எனக்க வீட்டுலயும் இதே பேச்சு தான், எங்க அப்பா காலத்துல இருந்தே வர்ம ஆசான்களோட பழக்கம் உள்ள குடும்பம். நான் ஆபரேஷன் தழும்ப காட்டி கேட்டேன். ஆசானே ஒரு விரல் வச்சு லேசா தொட்டுப் பாத்துட்டு, இந்த இடம் திறந்து மூடின இடம், உள்ள எலும்பு இல்ல, இதுல நான் கை வைக்க மாட்டேன், உனக்க டாக்டர் சொன்ன பிறகு வான்னு திருப்பி அனுப்பிட்டாரு. நல்ல ஆசான் அப்படித்தான் சொல்லுவாரு. மாமிகிட்ட இத அப்படியே சொல்லு, அவங்க கேப்பாவ.

பிசியோ_நாகர்கோவில்:

அக்கா, நான் நாகர்கோவில்ல பிசியோதெரபிஸ்ட். உங்கள நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, பொதுவா தெரிஞ்சத சொல்லுறேன்.

நெஞ்சுல மரத்துப் போனதுக்கு பயப்படாண்டாம். காரை எலும்புக்கு மேல கீறும்போ தோலுக்கு உணர்ச்சி தர்ற சின்ன நரம்பு கிளைங்க இழுபடும், சிலது அறுபடும். பல பேருக்கு அந்த இடம் மாசக்கணக்குல சுருங்கிட்டே வரும், கொஞ்சம் நிரந்தரமாவும் நிக்கலாம், கை வேலை செய்யறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

எரிச்சல் ஏன்னா, நசுங்குன நரம்புல மேலுறை மட்டும் கெட்டிருந்தா வாரக்கணக்குல மாசக்கணக்குல சரியாகும். உள்ள இழையே அறுந்திருந்தா அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தான் வளரும், கழுத்துல இருந்து சுண்டுவிரல் எவ்வளவு தூரம்னு நீங்களே ஒரு டேப்ப வச்சு அளந்து பாருங்க, தையல்காரங்களுக்கு நான் சொல்லவா வேணும். அதனால ஆறு வாரத்துல முடிவு சொல்லக்கூடாது. பெருவிரலுக்குக் கீழ உள்ளங்கைல இருக்கிற சதை ஆபரேஷனுக்கு முன்னாடியே குழி விழுந்திருந்தா அது முழுசா திரும்பாமலும் போகலாம், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். வலியும் மரப்பும் குறையறதுதான் பொதுவா முதல்ல நடக்கும்.

பிரீகாபலின், காபாபென்டின் மாதிரி நரம்பு மாத்திரை தந்திருந்தா எரிச்சல் குறைஞ்சதும் நீங்களா சட்டுன்னு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு படிப்படியா தான் குறைக்கணும். மயக்கமா இருந்தா ஸ்கூட்டர் எடுக்காதீங்க. படுக்கும்போ முதுகுக்கு ரெண்டு தலையணை, முழங்கைக்கு கீழ ஒண்ணு வையுங்க, கை தொங்கினா ராத்திரி வலி கூடும். வலிக்குதுன்னு கைய அசைக்காமலே வச்சிருந்தா தோள் இறுகிப்போகும், உங்க பிசியோ சொல்லித்தந்த அளவுக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும், நரம்ப இழுத்து விடுற பயிற்சியில கரண்ட் அடிக்கிற இடத்துக்கு முன்னாடியே நிறுத்திரணும், பல்லக் கடிச்சுட்டு செய்யாண்டாம்.

தடவுறத பத்தி அண்ணன் சொன்னது ரொம்ப சரி. அந்த இடத்துல கைக்குப் போற ரத்தக்குழாய், நரம்பு, கீழ நுரையீரல் முனை எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கு, நடுவுல இருந்த எலும்பையும் எடுத்தாச்சு. காயம் ஆறின பிறகு தழும்ப மட்டும் விரல் நுனியால மெதுவா தேய்க்க உங்க டாக்டரே சொல்லுவாங்க, அதுவரைக்கும் யாரும் அழுத்தக்கூடாது.

ஆனா திடீர்னு மூச்சு முட்டினா, நெஞ்சு குத்தினா, கை நீலமா வீங்கினா, இல்ல வெளுத்து சில்லுன்னு ஆனா, காய்ச்சலோட தையல்ல சீழ் வந்தா காத்திருக்காதீங்க, நேரா அவசரப் பிரிவுக்கு போங்க, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் உங்களுக்குப் பக்கம் தானே. மல்லாந்து படுத்தா மட்டும் மூச்சு வாங்குதுன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, உதரவிதானத்துக்கு, அதாவது மூச்சு இழுக்குற தசைக்குப் போற நரம்பு அந்த வழியா தான் போகுது.

அம்மாவுக்காக_தக்கலை:

எங்க அம்மாவுக்கு போன வருஷம் இதே ஆபரேஷன், அக்குள் வழியா எலும்பு எடுத்தாங்க. நான் வீட்டு ஆளுங்களுக்கு ஒரு காரியம் சொல்லணும். வெளிய பாத்தா ஒரு விரல் நீளத் தழும்புதான், கட்டு இல்ல, மாவு இல்ல, அதனால எங்களுக்கே மூணாவது வாரம் மறந்து போச்சு. அம்மா கிணத்துல தண்ணி கோருறத பாத்துட்டு கூட நான் சும்மா போயிட்டேன், அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா தூங்கல. அக்கா நீங்க தண்ணிக்குடம், கேஸ் சிலிண்டர், அரிசிமூடை, பிள்ளையத் தூக்குறது எதுவும் வேண்டாம், வேலைய வாய் திறந்து சொல்லி வாங்குங்க. அம்மா சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் மனசுல கிடக்கு.

கிறிஸ்மஸ் துணி இந்த வருஷம் போகட்டும்க்கா. இல்லன்னா காஜா, ஹெம்மிங் வேலைக்கு பக்கத்துல யாரையாவது வச்சுக்கிட்டு நீங்க அளவும் வெட்டும் மட்டும் பாருங்க, அதுவும் டாக்டர் சரின்னு சொன்னா.

கருங்கல்_தையல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாசிச்சு வாசிச்சு அழுதுட்டேன். ஆசான் சொன்னத மாமிகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பின்ன எண்ணெய் பாட்டிலை எடுத்து அலமாரில மேல வச்சுட்டு, அப்ப டாக்டர் சொல்லட்டும்னு சொன்னாவ. காலையில டாக்டர் ரூமுக்கு போன் பண்ணினேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, மாத்திரை அளவ மாத்தி தருவாங்க போல.

பிசியோ தம்பி, அளந்து பாத்தேன், 76 சென்டிமீட்டர். ரெண்டு வருஷத்துக்கு மேல கணக்கு வருது. ஆனா எவ்வளவு நாள்னு தெரிஞ்சதே ஒரு ஆறுதலா இருக்கு, தெரியாம தான் இத்தனை நாள் பயந்தேன். இன்னொண்ணு, நேத்து கஞ்சி குடிக்கும்போ கிண்ணத்த வலது கையால பிடிச்சேன், சுண்டுவிரல் சுட்டுது. ரெண்டு வருஷமா அந்த விரலுக்கு சூடு தெரியாது. கைய எடுக்காம கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிட்டு இருந்தேன்.

மலையோரம்_பால்வெட்டு:

சந்தோசம் மக்கா. ஆனா சுடுறத அப்படி பிடிச்சு வைக்காத, முழுசா உணர்ச்சி வராத விரல் பொள்ளினாலும் பிந்திதான் தெரியும்.

வியாழக்கிழமை பஸ்ல போறதா இருந்தா காலைல முதல் வண்டிக்கு போ, உக்கார இடம் கிடைக்கும். வலது பக்க வரிசையில ஜன்னலோரம் உக்காரு, நிக்கிறவங்க பை உனக்க தோள்ல இடிக்காது. கார்ல போனா சீட் பெல்ட்டுக்கும் காரை எலும்புக்கும் நடுவுல ஒரு துவர்த்த, துண்டத்தான் சொல்லுறேன், மடிச்சு வை. களியக்காவிளை தாண்டினதும் ஒரு தடவ இறங்கி கைய அசைச்சுட்டு ஏறு.