கிராஃபீனில் இரும்பு வைத்தால் காந்தத்திறன் 0 வருகிறது, ஸ்பின் மின்னோட்டம் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி:
கிராஃபீனின் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) 6×6 சூப்பர்செல்லில் (அடிப்படை அலகை இரு திசையிலும் 6 முறை அடுக்கிய கணக்குப் பெட்டி) ஒரு கார்பனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்பு வைத்திருக்கிறேன் (71 கார்பன், 1 இரும்பு). குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருள், பிபிஇ (எலெக்ட்ரான் ஆற்றலுக்கான தோராய முறை), என்ஸ்பின் 2 (இரு ஸ்பின்களையும் தனித்தனியே கணக்கிடும் அமைப்பு), தாளுக்கு மேல் வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராம். தொடக்கக் காந்தமாக்கம் 0.3, 0.7 இரண்டும் கொடுத்தாயிற்று, முடிவில் 0தான். உள்ளீட்டில் எங்கே தவறு?

பதில் 1:
தவறில்லை. ஒற்றைக் காலியிடத்தில் உட்காரும் இரும்புக்கு பிபிஇ தரும் விடையே 0தான். அதே இடத்தில் வனேடியம் 1, குரோமியம் 2, மாங்கனீசு 3 போர் மேக்னெட்டான் (அணுவின் காந்தத்திறனை அளக்கும் அலகு) என்று ஏறி, இரும்பில் 0க்கு விழுகிறது. பிறகு கோபால்ட் 1, நிக்கல் 0. அறுகோண நடுவில் மேலே ஒட்டிய இரும்பு வேறு, அங்கே சுமார் 2. ஹப்பர்ட் யு (ஒரே அணுவில் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதற்கான திருத்தம்) போதுமான அளவு கூட்டினால் காலியிட இரும்பும் 1க்குத் தாவும். அதனால் இரும்பின் முடிவை யு மதிப்பைச் சொல்லாமல் எழுதாதீர்கள். மாங்கனீசுக்கு மாறுவது நல்லது.

பதில் 2:
உலோக அணுவைக் கார்பன் தளத்திலேயே வைத்துத் தொடங்கினீர்களா? மேலும் கீழும் சமச்சீராக இருப்பதால் செங்குத்து விசை 0. எத்தனை சுற்று ஓடினாலும் அணு அங்கேயே நிற்கும். உலோகம் பெரியது, உண்மையில் தளத்துக்கு மேலே எழும்பித்தான் இருக்கும். 1.2 ஆங்ஸ்ட்ராம் தூக்கி வைத்துத் தளர்த்துங்கள். 6×6உம் வேண்டாம். 3இன் மடங்கில் கே, கே-டேஷ் (கிராஃபீனின் ஆற்றல் பட்டைகள் தொடும் இரு உந்தப் புள்ளிகள்) இரண்டும் காமா புள்ளியில் (உந்தம் 0) மடிந்து, இல்லாத ஆற்றல் இடைவெளி முளைக்கும். 5×5 அல்லது 7×7 எடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மாங்கனீசு, 7×7, தூக்கி வைத்தேன், 3 வந்துவிட்டது. ட்ரான்சியெஸ்டாவில் (மின்கடத்தலைக் கணக்கிடும் மென்பொருள்) இருபுறமும் தூய கிராஃபீன் மின்வாய். ஆனால் ஃபெர்மி மட்டத்தில் (எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) ஸ்பின் முனைவாக்கம் (மின்னோட்டத்தில் ஒரு ஸ்பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்), குறுக்குக் கே-புள்ளிகளின் (மின்னோட்டத்துக்குக் குறுக்குத் திசையில் கணக்கிடும் உந்தப் புள்ளிகள்) எண்ணிக்கையை மாற்றும்போதெல்லாம் மாறுகிறது.

பதில் 1:
தூய கிராஃபீனின் ஃபெர்மி மட்டம் டிராக் புள்ளியில் (ஆற்றல் பட்டைகள் தொடும் இடம்) இருக்கிறது, அங்கே நிலை அடர்த்தியே (எலெக்ட்ரான் இருக்கக்கூடிய நிலைகளின் அளவு) 0. மேல் ஸ்பின், கீழ் ஸ்பின் இரண்டின் கடத்தலும் அங்கே மிகச் சிறியவை. அவற்றின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எண் ஆடத்தான் செய்யும். விகிதத்தை மறந்துவிட்டு, ஃபெர்மி மட்டத்தின் இருபுறமும் 0.5 எலெக்ட்ரான்வோல்ட் வரை இரண்டு கடத்தல் வளைவுகளையும் தனித்தனியே வரையுங்கள். மாசு மட்டம் ஒத்ததிரும் ஆற்றலில் ஒரு ஸ்பின் மட்டும் பள்ளம் விழும், அங்கே கேட் மின்னழுத்தத்தால் கொண்டுபோவதுதான் பயனுள்ள கேள்வி. குறுக்குக் கே-புள்ளிகளை வளைவு அசையாமல் நிற்கும்வரை கூட்டுங்கள்.

பதில் 3:
ஒரு செல்லுக்கு ஒரு அணு என்றால் எல்லா உலோகமும் ஒரே துணைப்பின்னலில் (கிராஃபீனின் கார்பன்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரியும் இரு தொகுதிகளில் ஒன்று), காந்தம் ஒரே திசையில் நிற்பதாகத்தான் கணக்கு. கோபால்ட்டில் ஒரே துணைப்பின்னலில் இருப்பவற்றின் காந்தம் இணையாகவும், எதிர்த் துணைப்பின்னலில் இருப்பவற்றின் காந்தம் எதிரெதிராகவும் சேர்கிறது. நிஜ மாதிரியில் இரண்டும் கலந்திருக்கும், நிகரக் காந்தம் பெரிதும் ரத்தாகிவிடும். மாங்கனீசுக்கும் செல்லில் 2 அணு வைத்து, இரு அமைப்புகளின் ஆற்றலையும் கடத்தலையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெழுதுங்கள்.