மீன் குழம்பில் தேங்காய்ப்பால் திரிகிறது, வழி சொல்லுங்கள்

எனக்கு ஊர் நாகர்கோவில், வாக்கப்பட்டது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில். எங்கள் பக்கம் தேங்காய், மிளகாய் வற்றல், மல்லி எல்லாம் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்து ஊற்றினால்தான் அது மீன் குழம்பு. போன மாதம் அப்படி வைத்தேன். மாமா கரண்டியால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மீனுல கூட்டு வச்சிருக்க?" என்றார்.

சரி என்று அடுத்த ஞாயிறு தேங்காயே இல்லாமல் புளி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் மட்டும். மாமா இரண்டு தடவை சோறு வாங்கினார். பக்கத்து வீட்டு கீழக்கரை அக்காதான், "தேங்காய்ப்பால் விடாதது ஒரு ஆணமா?" என்று கிளப்பிவிட்டார். (குழம்பை அவர்கள் ஆணம் என்பார்கள்.)

அதன்பின் மூன்று முறை பால் ஊற்றிப் பார்த்துவிட்டேன். 1 கிலோ விளைமீன், எலுமிச்சை அளவு புளி, ஒரு முழுத் தேங்காயின் பால். புளி கொதித்து மீன் வெந்ததும் முதல் பாலை ஊற்றுகிறேன். ஐந்தே நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மேலே மிதக்கிறது, அடியில் வெறும் புளித்தண்ணீர். தீயைக் குறைத்தேன். அலுமினியச் சட்டியை விட்டு மண்சட்டிக்கு மாறினேன். அரிசிமாவு கரைத்து ஊற்றியதில் போஸ்டர் ஒட்டும் பசைதான் கிடைத்தது.

வரும் ஞாயிறு 15 பேர் சாப்பிட வருகிறார்கள். புளிக்குழம்பில் முதல் பாலை எந்தக் கட்டத்தில் ஊற்றினால் திரியாது?